வேண்டாமென்று சொல்லாத தலைவர்

தேங்காய்ப் பாகு பூசிய கனவுக் கேக்கின் கடைசித் துண்டுக்குக் கை நீட்டிய ஒரு மனிதரை ஓடர்பி ஊர்க்காரர்கள் காற்றாலைச் சங்கத்துக்குத் தலைவராக்கிவிட்டார்கள் என்று 2009 மார்ச் கடைசியில் டென்மார்க்கின் லிம்ஃபியோர்ட் கடற்கழிக் கரை முழுக்கப் பேச்சாக இருந்தது. படகுத்துறையில் சொன்னவர்கள் அவர் முழுக் கேக்கையும் தின்றார் என்றார்கள். தீவனக் கடையில் சொன்னவர்கள், கேக்கெல்லாம் கட்டுக்கதை, காப்பியில் எதையோ ஊற்றிக் கொடுத்துத்தான் சம்மதிக்க வைத்தார்கள் என்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் மட்டும் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஓடர்பி ஆட்கள் வேறெப்படித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இப்படிப்பட்ட வதந்தியை விசாரிக்கக் கிளம்பினால் முதலில் பார்க்க வேண்டியது சங்கத்தின் மினிட் நோட்டு. அதில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை டாக்னியின் உருண்டைக் கையெழுத்தில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. "தலைவர் பதவிக்கு எஸ்கிலிடம் கேட்கப்பட்டது. அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. கைதட்டலுடன் தேர்வானார்." கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அதே பக்கத்தின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. அது தேங்காயும் சர்க்கரையும் சேர்ந்த பாகுதான் என்று அஸ்டா சத்தியம் செய்கிறாள். கேக் அவள் சுட்டது. தன் பாகை அவளுக்குத் தெரியாதா.

ஆக, கேக் இருந்தது உண்மை. மற்றதெல்லாம் எஸ்கிலைத் தெரிந்தால்தான் புரியும். தெரிந்தவர்களுக்கும் முழுசாகப் புரிந்ததாகச் சொல்ல முடியாது.

எஸ்கிலுக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தொரு வருடம் அந்தக் கரையோரத்தில் பஸ் ஓட்டியவர். ஊரின் கடைசி வீடு அவருடையது. கல்யாணத்துக்கு முந்தின வருடம், வார விடுமுறைகளில் தானே செங்கல் அடுக்கிக் கட்டியது. அந்த வீட்டுக்குப் பின்னால் பார்லி வயல். வயலில் சங்கத்தின் மூன்று காற்றாலைகள். 1987இல் அவற்றை நிறுத்தும்போது ஊரில் பாதிப் பேர் சத்தத்துக்குப் பயந்தார்கள். மிகப் பக்கத்தில் இருந்த எஸ்கிலிடம் கேட்டதற்கு, "நிக்கிறதுன்னா எங்கயாவது நின்னுதானே ஆகணும்" என்றார். அதை ஒப்புதலாக எழுதிக்கொண்டார்கள். அது ஒப்புதல்தானா என்று அவரிடம் யாரும் திரும்பக் கேட்கவில்லை. அவரும் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓடர்பியில் ‘ஆமாம்’ என்று நேராகச் சொல்வது பல் தெரியச் சிரிப்பது மாதிரி; வெளியூர்க்காரர்கள் செய்கிற காரியம். விருந்தில் சாப்பாடு பிரமாதமாக இருந்தால் ‘மோசமில்ல’ என்பார்கள். பெண் கேட்டு வந்த பையனைப் பெண்ணுக்கு உயிருக்குயிராகப் பிடித்திருந்தால் ‘இதைவிடக் கேவலமா பாத்திருக்கேன்’ என்பாள். இந்தப் பேச்சில் மிக உச்சமான, மனப்பூர்வமான, இனித் திரும்ப வழியில்லாத சம்மதம் எதுவென்றால், ‘வேணாம்னு சொல்லமாட்டேன்’ என்பதுதான்.

மார்ச் மாதத்து ஆண்டுக் கூட்டம் ஊர் மன்றத்தில் சனிக்கிழமை மதியம் நடந்தது. பழைய தலைவர் ஆல்போர்க் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். இரண்டு பேர் அந்த இடத்தைப் பிடிக்க நின்றார்கள். ஒருவர் வில்லாட்ஸ். இரண்டாயிரம் பன்றிகளும், அதற்கேற்ற குரலும் உள்ளவர். கிழடான மூன்று காற்றாலைகளையும் சாய்த்துவிட்டு, அந்த வயலில் ஒரே ஒரு பெரிய ராட்சதக் காற்றாலையை நிறுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. இன்னொருத்தி அஸ்டா. தேவாலயத்தில் பாடுகிறவள். அந்த ராட்சதன் தேவாலயக் கோபுரத்தைவிட ஐந்து மடங்கு உயரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அன்றிலிருந்து வில்லாட்ஸ் இருக்கும் வரிசையில் உட்காருவதை நிறுத்திவிட்டவள்.

காற்றாலைகளில் பங்கு வாங்கி மின்சாரம் விற்கும் அந்தச் சங்கத்தில் மொத்தம் நாற்பத்தொரு பேர். வில்லாட்ஸிடம் நாற்பது பங்கு, எஸ்கிலிடம் மூன்று, அவர் மனைவி ரக்னாவிடம் ஒன்று. ஓட்டு மட்டும் ஆளுக்கு ஒன்றுதான். இந்த அநியாயத்தை வில்லாட்ஸ் ஒவ்வொரு வருடமும் குறிப்பிடுவார். ஒவ்வொரு வருடமும் அது குறிப்பில் ஏறும்.

அன்றும் அதுதான் நடந்தது. வில்லாட்ஸ் தலைவரானால் தான் விலகுவதாக அஸ்டா சொன்னாள். அஸ்டா தலைவரானால் தன் பங்கோடு, டிராக்டரோடு விலகுவதாக வில்லாட்ஸ் சொன்னார். இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். "வேற யாராவது?" என்று கேட்டாள் டாக்னி. அன்றைய கூட்டத்தின் நடத்துநர் அவள்தான். நடத்துநர் என்றால் டிக்கெட் கிழிப்பவர் இல்லை. யாரைப் பேச விடுவது, யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிப்பவர். கூட்டத்தில் அவள் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

முப்பத்தொன்பது தலைகள் ஒன்றாகக் குனிந்தன. அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்தவனுக்குப் பதவி நிச்சயம் என்பது எல்லோருக்கும் தெரியும். மேசை விரிப்பில் இருந்த பூக்களை எண்ணினார்கள்.

நாற்பதாவது தலை சுவரோரம் நின்றது. அன்று காப்பி முறை எஸ்கிலுடையது. ஃபிளாஸ்கும் கையுமாக அவர் கேக் தட்டுக்கு முன்னால் நின்று அதில் மிஞ்சியிருந்த ஒற்றைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் துண்டை ஓடர்பியில் யாரும் எடுப்பதில்லை. பாதியாக வெட்டுவார்கள், பாதியில் பாதியாக வெட்டுவார்கள், கடைசியில் பொடி மட்டும் தட்டில் இருக்கும். அதையும் மரியாதைக்கு விட்டுவைப்பார்கள். அரை மணி நேரமாக அந்தத் துண்டை ஒருவரும் தொடவில்லை. பாகு தட்டில் வழிந்து உறைய ஆரம்பித்திருந்தது.

"எஸ்கில், நீ எடுத்துக்கறியா?" என்றாள் டாக்னி.

எஸ்கில் திரும்பிப் பார்த்தார். மண்டபமே தன்னைப் பார்ப்பதைக் கண்டு அவருக்கு முகம் சிவந்தது. துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றதை எல்லோரும் கவனித்துவிட்டார்களே என்று நினைத்தார்.

"வேணாம்னு சொல்லமாட்டேன்" என்றார்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். வில்லாட்ஸ் தட்டினார், அஸ்டாவும் தட்டினாள். இருபது வருடத்தில் இருவரும் ஒரே விஷயத்துக்குத் தட்டியது அதுதான் முதல் தடவை. கடைசித் துண்டை எடுக்கிற துணிச்சலைத்தான் ஊர் மெச்சுகிறது என்று எண்ணி எஸ்கில் லேசாகத் தலை வணங்கினார். பிறகு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, டாக்னியின் நோட்டுப் பக்கமாகக் குனிந்து அவளுக்குக் காப்பி ஊற்றினார். கறையின் கதை அதுதான்.

விஷயம் அவருக்குத் தெரிந்தது அன்று மாலைச் சாப்பாட்டில். பன்றிக்கறிக் குழம்பை உருளைக்கிழங்கு மேல் ஊற்றிக்கொண்டே ரக்னா கேட்டாள். "தலைவருக்கு இன்னொரு உருளை வைக்கவா?"

"எந்தத் தலைவருக்கு?"

ரக்னா கரண்டியைக் கீழே வைத்தாள். முப்பத்தேழு வருடமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவள். அவர் முகத்தில் எது நடிப்பு, எது முழிப்பு என்று அவளுக்குத் தெரியும்.

"ஏம்பா, நீ எதுக்கு ‘வேணாம்னு சொல்லமாட்டேன்’ன?"

"கேக்குக்கு."

"சரிதான்" என்றாள் ரக்னா. கரண்டியை மறுபடி எடுத்தாள். பிறகு, "கேக் எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"மோசமில்ல."

சிரிக்கிற விஷயமாக இருந்தால் சிரித்திருப்பார்கள். வீடுகளுக்கும் காற்றாலைக்கும் நடுவில் காற்றாலையின் உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். வில்லாட்ஸின் ராட்சதன் வந்தால் அந்தத் தூரத்துக்குள் சிக்குவது ஒரே ஒரு வீடு. அதைச் சங்கம் நியாயமான விலைக்கு வாங்கி இடித்துத் தள்ள வேண்டும். அந்தத் தீர்மானத்தில் சங்கத்தின் சார்பாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைவர். அதாவது எஸ்கில், எஸ்கிலின் வீட்டை இடிக்க, எஸ்கிலுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

"நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டார் எஸ்கில்.

"என்னையா கேக்கற? நான் ஒரு பங்குக்காரி" என்றாள் ரக்னா, தட்டுகளை எடுத்தபடி.

அது கோபமா, விளையாட்டா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சத்தம் தாங்கவில்லை என்று அவள் ஒரு காலத்தில் சொன்னதுண்டு. ஆனால் அது 1988. பிறகு சொன்னதாக ஞாபகமில்லை. சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டிருந்தார். கேக்குக்குப் பிறகு அந்த முறையிலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

திங்கட்கிழமை காலை டாக்னி வீட்டுக் கதவைத் தட்டினார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதே அவள்தான் எழுத்துப் பிழை பார்ப்பாள்.

"டாக்னி, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் கேக்கத்தான் எடுத்தேன்."

"தெரியும்" என்றாள் டாக்னி.

"தெரியுமா?"

"நீ மென்னுட்டு இருந்தியே. பதவி ஏத்துக்கறவன் மெல்லமாட்டான்."

"அப்பறம் ஏன் எழுதுன?"

"மண்டபமே தட்டுச்சு. தட்டுனத நான் எப்படி எழுதாம இருக்கறது? அது ஜனநாயகம், எஸ்கில். நீ என்ன நெனச்சேங்கறதுக்கு நோட்டுல கட்டமே இல்ல."

"சரி. நான் விலகறேன்."

டாக்னி கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் செய்வது அது. "விலகலாம். பொதுக்கூட்டத்துலதான் விலக முடியும். பொதுக்கூட்டத்தத் தலைவர்தான் கூட்டணும். அதனால நீ விலகறதுக்கு மொதல்ல தலைவரா இருக்கணும்."

"இருக்கேன்னு வெச்சுக்கோ. கூட்டறேன்."

"நல்லது. பத்துப் பேரு கையெழுத்து வெச்ச தீர்மானம் ஏதும் இருந்தா அது உன் விலகலுக்கு முன்னாடி வரணும். வில்லாட்ஸ் நேத்தே பதினெட்டுக் கையெழுத்து வாங்கிட்டாரு. மொத விஷயம் நடத்துநர் தேர்வு, அவரு தீர்மானம் ரெண்டாவது. உன் விலகல் மூணாவது."

எஸ்கில் விரல்விட்டு எண்ணினார். "அப்போ ரெண்டாவதுக்கு நான்தான் தலைவர்."

"ஆமா."

ஓடர்பியில் ஒருவர் நேராக ‘ஆமா’ என்றதைக் கேட்டு எஸ்கில் மறுபடியும் விரல்விட்டு எண்ணினார்.

கூட்டத்துக்கு இருந்த நான்கு வாரத்தில் இரண்டு கட்சியும் அவர் வீட்டுக்கு வந்து போயின. வில்லாட்ஸ் வந்தபோது தோட்டத்தில் நின்றே பேசினார். "நடு மெஷினோட கியர் போச்சு. இன்னும் ரெண்டு குளிர்காலம் தாங்காது. உனக்கே தெரியும்."

"சத்தம் மாறியிருக்கு" என்றார் எஸ்கில்.

"அப்போ நம்ம பக்கம்."

"சத்தம் மாறியிருக்குன்னுதான் சொன்னேன்."

வில்லாட்ஸ் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் அஸ்டா வந்தாள். நீ கட்டுன வீடாச்சே, எப்படி மனசு வரும் என்றாள். "செங்கல் நல்ல செங்கல்தான்" என்றார் எஸ்கில். அவளும் நிம்மதியாகப் போனாள். இரண்டு பேரும் அவர் தங்கள் ஆள் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அந்த ஏப்ரலில் எஸ்கில் பொய்யே சொல்லவில்லை. இருந்தும் இரண்டு பேரை ஏமாற்றிவிட்ட மாதிரி அவருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. மூன்றாவதாக ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை கூட்டம். முதல் விஷயம், நடத்துநர் தேர்வு. டாக்னியைக் கைதட்டித் தேர்ந்தெடுத்தார்கள். கேக் தட்டுப் பக்கம் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டுதான் தட்டினார்கள்.

இரண்டாவது, வில்லாட்ஸின் தீர்மானம். பேச்செல்லாம் முடிந்து, கைதூக்க வேண்டாம், துண்டுச் சீட்டில் எழுதுவோம் என்று முடிவானது. சொந்த வீட்டைத் தொடும் விஷயத்தில் உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது என்பது விதி பன்னிரண்டு. அதனால் எஸ்கில் சீட்டு வாங்கவில்லை. மற்ற நாற்பது சீட்டுகளையும் காப்பிப் பாத்திரத்தில் போட்டு டாக்னி எண்ணினாள். ஒருமுறை எண்ணி, கண்ணாடியைத் துடைத்து, மறுமுறை எண்ணினாள்.

"வேணும் இருபது. வேண்டாம் இருபது."

யாரோ இருமினார்கள்.

"விதி ஒன்பது" என்று படித்தாள் டாக்னி. "ஓட்டு சரிசமமா வந்தா, தலைவரோட ஓட்டு முடிவு செய்யும்."

அஸ்டா எழுந்தாள். "அவருக்கு ஓட்டே இல்லையே. விதி பன்னெண்டு."

"பன்னெண்டு உறுப்பினரச் சொல்லுது" என்றார் வில்லாட்ஸ். "தலைவரச் சொல்லல. வீடு எஸ்கிலுக்கு இருக்கு. தலைவருக்கு ஏதும்மா வீடு? தலைவருங்கறது ஒரு நாற்காலி."

"நாற்காலி எப்பவிருந்து ஓட்டுப் போடுது?"

"இருபது வருஷமா போடுது. பழைய தலைவரப் பாத்தியா இல்லயா?"

மண்டபம் சிரித்தது. டாக்னி சிரிக்கவில்லை. விதியை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பார்த்துவிட்டு, வில்லாட்ஸ் சொல்வது அபத்தம், ஆனால் விதிப்படி சரி என்றாள். எஸ்கிலைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். ரக்னா மட்டும் கைப்பையில் எதையோ தேடினாள்.

எஸ்கில் எழுந்து நின்றார். கையில் ஃபிளாஸ்க் இல்லாமல் அந்த மண்டபத்தில் நின்று அவருக்குப் பழக்கமில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு வாரமா யோசிச்சேன்" என்றார். "கியரு போச்சு. அது நெசம். சங்கத்துக்குப் புதுசு வேணும். அதனால தலைவர் ‘வேணும்’னு போடறாரு."

வில்லாட்ஸ் கையைத் தூக்கப் போனார்.

"எஸ்கில் ‘வேண்டாம்’னு போடறான்" என்றார் எஸ்கில். "அவனுக்கு அங்கதான் தூக்கம் வருது. ரெண்டயும் எழுதிக்கோ, டாக்னி."

"எஸ்கிலுக்கு ஓட்டு இல்ல" என்றாள் டாக்னி.

"ஏன் இல்ல?" அஸ்டா மறுபடி எழுந்தாள். ஐந்து நிமிடத்துக்கு முன் அவருக்கு ஓட்டே கிடையாது என்றவள் அவள்தான். "வீட்டுக்காரரும் தலைவரும் ஒரே ஆளுன்னா ரெண்டு பேருக்கும் ஓட்டு இல்ல. வேற வேற ஆளுன்னா ரெண்டு பேருக்கும் உண்டு. எதுன்னு வில்லாட்ஸ் சொல்லட்டும்."

வில்லாட்ஸ் விதிப் புத்தகத்துக்குக் கை நீட்டினார்.

டாக்னி எழுதினாள். வேணும் இருபத்தொன்று. வேண்டாம் இருபத்தொன்று. எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓட்டு சரிசமம், எனவே தலைவரின் ஓட்டு முடிவு செய்யும், தலைவர் போட்டால் எஸ்கிலும் போடுவார். நாற்பது வருடம் பாடம் நடத்தியவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தது அன்றுதான். "காப்பி" என்றாள்.

இடைவேளைக்குப் பிறகு அவள் தீர்ப்புச் சொன்னாள். மூன்றாவது விஷயத்தை முன்னால் கொண்டுவருவது. எஸ்கில் விலகட்டும், விலகும்போது தான் போட்ட இரண்டு ஓட்டையும் கையோடு எடுத்துப் போகட்டும். கணக்கு மறுபடி இருபதுக்கு இருபது. புதுத் தலைவர் யாரோ, அவர் முடிவு செய்யட்டும். எஸ்கில் விலகினார். அதற்கும் தட்டினார்கள்.

"தலைவர் பதவிக்கு யாராவது?"

தலைகள் குனிந்தன. மேசை விரிப்பில் அதே பூக்கள்.

"நான் எடுத்துக்கறேன்" என்றாள் ரக்னா.

இவ்வளவு அப்பட்டமான வாக்கியத்தை அந்த மண்டபம் கேட்டுப் பல காலம் ஆகியிருக்கும். ஒரு கணம் அதன் அர்த்தம் என்னவென்றே சிலருக்குப் பிடிபடவில்லை. எஸ்கில் அவளைப் பார்த்தார். அவள் டாக்னியைப் பார்த்தாள்.

"மறுபடி அதே வீடுதானே" என்று அஸ்டா ஆரம்பித்தாள்.

வில்லாட்ஸ் இப்போது தயாராக இருந்தார். போன கோடையில் ரக்னா தன் மனைவியிடம், துறைமுகம் பக்கம் புதிதாகக் கட்டும் ஃபிளாட்டுகளில் குளியல் தொட்டி இருக்கிறதாமே என்று விசாரித்தது அவருக்கு நினைவு வந்துவிட்டது. "ரக்னா, வீடு யார் பேருல இருக்கு?"

"எஸ்கில் பேருல."

"உன் பேரு?"

"இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி கட்டுனது. எனக்கு அதுல ஒரு செங்கல்கூடக் கெடையாது."

அவள் அதை வானிலை சொல்கிற குரலில் சொன்னாள். எஸ்கில் தன் ஷூவைப் பார்த்தார். முப்பத்தேழு வருடத்தில் அந்தப் பத்திரத்தை அவர் எடுத்துப் பார்த்ததே இல்லை. அதில் யார் பெயர் இருக்கிறது என்பது ஒரு விஷயம் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எந்த வருடத்திலிருந்து?

"அப்போ விதி பன்னெண்டு அவளத் தொடாது" என்றார் வில்லாட்ஸ், மண்டபம் முழுக்கத் திரும்பி. டாக்னி தலையாட்டினாள். தட்டினார்கள். வில்லாட்ஸ்தான் கடைசிவரை தட்டினார்.

"தலைவரோட ஓட்டு?" என்றாள் டாக்னி.

"வேண்டாம்" என்றாள் ரக்னா.

காப்பி ஆறுகிற சத்தம் கேட்டிருக்கும், அப்படி ஒரு சத்தம் உண்டென்றால். அஸ்டாதான் மெதுவாகக் கேட்டாள். "ஏன் ரக்னா?"

"உருளை நட்டு மூணு வாரமாச்சு. இப்ப வீட்ட இடிச்சா ஜூன்ல யாரு தோண்டறது?" பிறகு டாக்னியிடம், "கியருக்கு ஒரு ஆளக் கூப்பிடணும், அத எழுதிக்கோ" என்றாள்.

அடுத்த வாரமே வில்லாட்ஸ் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். சட்டப்படி குடியிருக்கும் வீட்டை விற்க மனைவியின் சம்மதமும் வேண்டுமாம்; ஆகவே ரக்னாவுக்கு வீட்டோடு சம்பந்தம் உண்டாம்; அவள் ஓட்டுச் செல்லாதாம். அவளுக்குச் சம்பந்தமில்லை என்று மண்டபத்தில் முழங்கியவர் எழுதிய கடிதம். டாக்னி ஒரே வரியில் பதில் போட்டாள்: சம்மதம் வேறு, சம்பந்தம் வேறு. இருந்தாலும் கூட்டக் குறிப்பு முறைப்படி உறுதியாவது அடுத்த ஆண்டுக் கூட்டத்தில்தான்; அதுவரை ஆட்சேபம் உயிரோடு இருக்கும்.

கூட்டம் முடிந்த அன்று எஸ்கிலும் ரக்னாவும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். காற்று தெற்கிலிருந்து வீசியது. மூன்று காற்றாலையும் சுற்றின. நடுவில் உள்ளது மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் தொண்டையைச் செருமியது.

"உருளைக்காகவா?" என்றார்.

"தலைவர் அறிக்கை மார்ச்சுலதான்" என்றாள் ரக்னா.

"எனக்குச் சொல்லலாம்ல."

"எல்லா உறுப்பினருக்கும் ஒரே நேரத்துல சொல்லணும். விதி ஏழு."

விதி ஏழு அப்படிச் சொல்கிறதா என்று அவர் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தார். அது அப்படித்தான் சொல்கிறது. அதற்குள் ஊரில் காரணங்கள் உற்பத்தியாகிவிட்டன. புருஷனுக்காகச் செய்தாள் என்றார்கள் பாதிப் பேர். வில்லாட்ஸின் மனைவிமேல் உள்ள பழைய கோபம் என்றார்கள் சிலர். எஸ்கிலுக்கு மூன்றும் நம்பும்படியாக இருந்தன, உருளையையும் சேர்த்து. தோட்டத்தில் அவள் களை பிடுங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்து, எது என்று முகத்தில் தேடுவார். அவள் களை பிடுங்குகிறவளாகத்தான் இருப்பாள்.

ஆட்சேபம் வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் யாரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் போய், பத்திரத்தில் இன்னொரு பெயர் சேர்க்கிற படிவம் வாங்கி வந்தார். இரண்டு பக்கம்தான். நிரப்பினார். கீழே ஒரே ஒரு கையெழுத்து வேண்டும், அவருடையது. பேனாவைத் திறந்தவர், சரிபார்த்துக்கொள்வோம் என்று டாக்னிக்குப் போன் செய்தார். அதுதான் தப்பு.

"தொடாத" என்றாள் டாக்னி. "இப்ப அவ பேர வீட்டுல சேத்தேன்னா, அப்பவே அவளுக்கு வீடு தரதாப் பேச்சு இருந்துச்சுன்னு வில்லாட்ஸ் மறுபடி எழுதுவாரு. ஓட்டுப் போயிடும். ஓட்டுப் போனா வீடு போயிடும். குறிப்பு உறுதியாகட்டும்."

"அவகிட்ட என்ன சொல்றது?"

"அதுக்கு விதி இல்ல" என்றாள் டாக்னி.

படிவத்தை எஸ்கில் சமையலறை மேசைமேல் வைத்தார். ரக்னா கை கழுவி வந்து, நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தாள். தன் பெயரின் எழுத்து சரியாக இருக்கிறதா என்று விரலால் ஓட்டிப் பார்த்தாள். கீழே காலியாக இருந்த கோட்டில் விரல் நின்றது.

"இங்க ஒண்ணும் இல்லையே."

"மார்ச்சுல போடறேன். டாக்னி சொல்றா, இப்பப் போட்டா..."

"தெரியும், எனக்கும் போன் பண்ணிட்டா." ரக்னா படிவத்தை நான்காக மடித்து மளிகைச் சீட்டுகள் இருக்கும் டப்பாவில் வைத்து மூடினாள். "எந்த வருஷத்து மார்ச்சு?"

எஸ்கில் பதில் சொல்ல வாயெடுத்தார். வில்லாட்ஸின் ஆட்சேபம், உறுதியாக வேண்டிய குறிப்பு, தட்டினால் உறுதி, தட்டாவிட்டால் ஒத்திவைப்பு என்று மனசுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தார். வரிசை முடிகிற இடம் தெரியவில்லை. ரக்னா அதற்குள் டப்பாவை மேல் தட்டில் ஏற்றிவிட்டு உருளைக்கு மண் அணைக்கப் போயிருந்தாள்.